வசுமதி இருக்காங்களா?

ஜூன் 3, செவ்வாய்

நாற்பத்து மூன்று வயதில் என் பெயரில் முதல் போன். சிவப்பு நிறப் பட்டன் போன், ஆயிரத்துச் சொச்சம். குற்றாலத்தில் சீசன் தொடங்கப்போகிறது, அவசரத்துக்குக் கூப்பிட ஆளாளுக்கு நம்பர் வேண்டும் என்று பேக்கரி முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இதுவரை எதற்கும் அண்ணன் நம்பரைத்தான் கொடுத்து வந்தேன்.

டச் போன் வாங்கியிருக்கலாமே என்றாள் செண்பகம் மதினி. எனக்கு இது போதும் என்றேன். தலையில் டார்ச் இருக்கிறது, ரேடியோ பாடுகிறது, எழுத்துப் பெரிதாகத் தெரிகிறது. அம்மா போனபிறகு அண்ணன் வீட்டு மாடி அறைதான் எனக்கு. அங்கே சிக்னல் நன்றாகவே கிடைக்கிறது. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

முதலாளி, அண்ணன், மதினி, மூன்று பேருக்கு நம்பர் கொடுத்தாயிற்று. அடுத்து யாருக்கு என்று யோசிக்க வேண்டும்.

மதினியின் போன் பால் பொங்குவதற்குள் அடிக்கத் தொடங்கிவிடும். சுரண்டையிலிருந்து அவள் தங்கை, பிறகு அவள் அம்மா, பிறகு மறுபடியும் தங்கை. ரசத்துக்குப் பூண்டு போட்டாயா என்று கேட்க ஒரு போன். அவள் சிரித்துச் சிரித்துப் பேசுவாள், நான் பக்கத்தில் தேங்காய் துருவுவேன். எனக்கென்ன.

ஜூன் 7, சனி

ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு வாரம் நிற்கும் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். பேசினால்தானே குறையும்.

ஜூன் 8, ஞாயிறு

போன் அடித்தது! பேக்கரியில் பன் அடுக்கிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு எடுத்தால், ஒரு பெண் குரல் "வசுமதி இருக்காங்களா?" என்றது. அப்படி யாரும் இல்லை என்றேன். சாயங்காலம் இன்னொரு பெண். அவளுக்கும் வசுமதிதான் வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

இரண்டு நாளில் ஐந்தாறு பேர். பிளவுஸ் தைக்கிற ஒருத்தி, யாரோ ஒரு டீச்சர், பெயர் சொல்லாமல் "வசு, எங்க போனடி நீ?" என்று நேராகவே தொடங்கிய ஒருத்தி. போன் கடையில் போய்க் கேட்டேன். ரொம்ப நாள் ரீசார்ஜ் போடாமல் விட்டால் அந்த நம்பரை எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். வாடகை வீடு மாதிரிதான், முன்னால் இருந்தவரைத் தேடிக் கொஞ்ச நாள் ஆள் வரும், பிறகு நின்றுவிடும் என்றார்.

ஆக, இது வசுமதியின் நம்பர். எனக்கு ஒருவரும் போன் செய்யவில்லை, அவளுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இன்றைக்கு ஷகிலா பானு என்ற பெண், ராஜபாளையத்திலிருந்து. நான் வசுமதி இல்லை என்று சொல்லியும் வைக்கவில்லை. தனியாக ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய் வந்தாளாம், அதை வசு அக்காவிடம் சொல்லியே ஆகவேண்டுமாம். அந்த ஊரில் பொம்பளைகளுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது வசுமதிதான் என்றாள். ஐம்பது வயதுக்காரிகூடக் கற்றுக்கொண்டாளாம். போன வருஷம் இடது கையில் மாவுக்கட்டோடு மைதானத்தில் நின்று கற்றுக்கொடுத்தாளாம், மற்றவர்கள் முறை வைத்து அவளுக்குச் சோறு கட்டிக்கொண்டு போனார்களாம்.

கை ஒடிந்தால்கூட ஊரே சோறு கட்டுகிறது சிலருக்கு. நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மறுநாளே பில் போட உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டவர் வாடிக்கையாக ரஸ்க் வாங்கும் பெரியவர் ஒருவர்தான்.

வசுமதி சிவப்பாக இருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். முடி நீளமாக இருக்கும். டச் போனாக இருந்தால் படம்கூடப் பார்த்திருக்கலாம் என்று மதினி சொல்கிறாள். இதில் குரல் மட்டும்தான் வரும்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் ஒரு ஆண் குரல். வசுமதியின் புருஷன். பெயர் கிருபாகரன், ராஜபாளையத்தில் பாத்திரக்கடை. அவள் இல்லை என்றேன். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், இந்த நம்பர் மறுபடி உயிரோடு இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார். போன வருஷம் ஐப்பசியில் ஒரு சின்னக் கோபத்தில் வீட்டை விட்டுப் போனவளாம். எங்கே இருக்கிறாள் என்று தெரியாதாம்.

மெதுவான குரல். ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்துச் சொல்கிறார். வைப்பதற்கு முன்னால், "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அவர் மறுபடி பேசினார். அவளைப் பற்றி ஏதாவது தகவல் வந்தால் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவளை வசும்மா என்கிறார். இருபது வயதுப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது, அவளுக்கு முப்பத்தைந்து ஆகிறதாம்.

எனக்கு ஒரு நல்ல இடம் வந்து தட்டிப்போனபோது, இனிமேல் எதற்கு என்று அண்ணனே சொல்லிவிட்டான். வசுமதிக்கு இப்படி ஒரு புருஷன் கிடைத்தும் விட்டுவிட்டுப் போகிறாள்.

ஜூன் 19, வியாழன்

சாரல் பிடித்துக்கொண்டது. பேக்கரியில் நிற்க இடமில்லை, வெங்காயப் பப்ஸ் பத்து மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. சாயங்காலம் சிக்னலுக்காக மாடிக்குப் போனேன். ஆறே முக்காலுக்கு அவர் கூப்பிட்டார்.

கை எப்படி ஒடிந்தது என்று கேட்டேன். ஸ்கூட்டியிலிருந்து விழுந்துவிட்டாளாம். ஒரு மாதம் தன் கையால் ஊட்டிவிட்டாராம். இதை இரண்டு தடவை சொன்னார்.

ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்குத் தான் விழாமல் ஓட்டத் தெரியவில்லை. அதற்கும் ஊட்டிவிட ஒரு ஆள்.

ஜூன் 21, சனி

போனுக்கு இப்போது இரண்டு நாளைக்கு ஒரு தடவை சார்ஜ் போட வேண்டியிருக்கிறது. யார்கிட்ட அப்படிப் பேசுதே என்று மதினி கேட்டாள். பேக்கரி விஷயம் என்றேன். அவளுக்கு மட்டும்தான் போன் வருமா?

ஜூன் 23, திங்கள்

மத்தியானம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு டிரைவிங் ஸ்கூல் பெண் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தின் பெயரை வேகமாகச் சொன்னாள், அடுமனைச் சத்தத்தில் காதில் விழவில்லை. வசுமதி மேடம் நாளைக்குக் காலை வகுப்பு எடுக்க வர முடியுமா என்று கேட்டாள். நான் வேறு ஆள் என்றதும் மன்னிப்புக் கேட்டாள். வசுமதி கொடுத்த பழைய சான்றிதழில் இந்த நம்பர் இருந்ததாம். அதைப் பார்த்து அடித்துவிட்டாளாம்.

ஆக, மகாராணி மார்த்தாண்டத்தில் இருக்கிறாள். அங்கேயும் மேடம்.

சாயங்காலம் அவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றில்லை. வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 25, புதன்

போன் வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

வரவில்லை. சிக்னல் சரியாகத்தான் இருக்கிறது. அண்ணன் போனிலிருந்து என் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். அடித்தது.

ஜூன் 27, வெள்ளி

எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பேசுகிறேன் என்று சொன்னவர் பேச வேண்டுமல்லவா. பில்லில் தப்பு வந்து முதலாளி சத்தம் போட்டார்.

ஜூன் 28, சனி

ஏழு மணிக்கு அவர் கூப்பிட்டார். குரலில் பழைய நெருக்கம் இல்லை. இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்யப்போவதில்லை அக்கா, அவள் கிடைக்கமாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன் என்றார். வைக்கப்போகிறார் என்று தெரிந்தது. அவள் மார்த்தாண்டத்தில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

குடும்பம் ஒன்றுசேரட்டும் என்றுதான் சொன்னேன். வேறு எதற்கு?

உடனே எந்த இடம் என்று கேட்டார். ஏதோ டிரைவிங் ஸ்கூல், பெயர் தெரியாது என்றேன். "ஞாபகப்படுத்திப் பாரு" என்றார். 'பாருங்க' என்று சொல்லவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

சாப்பிட்டீர்களா என்று கேட்கவும் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

இன்று எழுத ஓடவில்லை.

ஜூன் 30, திங்கள்

நேற்று நடந்ததை எழுதித்தான் ஆகவேண்டும்.

காலையில் பேக்கரிக்குக் கிளம்பும் நேரம் அவன் கூப்பிட்டான். பஸ் ஸ்டாண்டு இரைச்சல். நாகர்கோவில், நாகர்கோவில் என்று கண்டக்டர் கத்துவது பின்னால் கேட்டது. உன் போனில் அந்த ஸ்கூல் நம்பர் இருக்கும், எடுத்துச் சொல் என்றான். எனக்கு ஏனோ சொல்லப் பிடிக்கவில்லை. அழிந்துவிட்டது என்றேன்.

அதன்பிறகு அவன் பேசியது மெதுவான குரல்தான். அதே குரல். "சொல்லலேன்னா போ. அந்த ஊர்ல எத்தன ஸ்கூல் இருந்துரும்? போன தடவ இடது கை. இந்தத் தடவ எதுன்னு அவளே சொல்லட்டும்."

வைத்துவிட்டான். நான் செருப்பை ஒரு காலில் மாட்டியபடி வாசலில் நின்றேன். ஷகிலா பானு சொன்ன மாவுக்கட்டும் ஊட்டிவிட்ட கதையும் சேர்ந்து நெஞ்சில் ஏறின. ஊட்டியதும் அந்தக் கைதான், ஒடித்ததும் அந்தக் கைதான்.

போனில் வந்த அழைப்புகளைத் தேடினேன். இந்தப் போனில் கடைசியாக வந்த கொஞ்சம் நம்பர்தான் நிற்கும். சனிக்கிழமை ராத்திரி நான் தூங்கியபிறகும் அவன் திரும்பத் திரும்ப அடித்ததில், மேலிருந்து கீழே வரை அவன் நம்பர்தான் இருந்தது. மார்த்தாண்டத்து நம்பரை அது எப்போதோ தள்ளிவிட்டிருந்தது.

அடுப்படிக்குப் போனேன். மதினி தன் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சாயங்காலப் பேச்சுகளைப் பற்றியும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தன் டச் போனில் மார்த்தாண்டம் டிரைவிங் ஸ்கூல் என்று தேடி, வந்த நம்பருக்கெல்லாம் ஒவ்வொன்றாக அடித்தாள். எங்கள் வீட்டுப் பிள்ளை, பெயர் வசுமதி, வீட்டில் ஒரு அவசரம் என்று கூசாமல் சொன்னாள். முதல் இடத்தில் இல்லை. அடுத்த இடத்தில் யாருமே எடுக்கவில்லை. அதற்கடுத்த இடத்தில், வகுப்பில் இருக்கிறார், கூப்பிடுகிறேன் என்றார்கள். மதினி போனை என் கையில் கொடுத்தாள்.

இத்தனை நாள் யார் யாரோ தேடிய வசுமதியின் குரலை அப்போதுதான் கேட்டேன். சாதாரணக் குரல். சளி பிடித்திருந்தது.

"உங்க பழைய நம்பர் இப்ப என்கிட்ட இருக்கு," என்றேன். "ஒங்க வீட்டுக்காரரு போன்ல பேசிக்கிட்டே இருந்தாரு. நேத்து அவர்கிட்ட ஊர் பேரச் சொல்லிட்டேன். இன்னைக்குக் கிளம்பிட்டாரு."

ஸ்கூல் பேரும் சொன்னீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்றாள். தெரிந்ததைச் சொன்னேன். யாரிடமோ, சார், நான் இப்பவே கிளம்பணும் என்று சொல்வது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"எதுக்குச் சொன்னீங்க?"

திட்டியிருந்தால் தேவலை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மதினி பக்கத்தில் நின்றாள். பொய் வரவில்லை.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டான்," என்றேன்.

"ஆமா," என்றாள் வசுமதி. "எங்கிட்டயும் அப்படித்தான் ஆரம்பிச்சான்."

பிறகு, "போன வாரந்தான் ஒரு ஸ்டவ் வாங்கினேன். தூக்கிட்டுப் போக முடியாது," என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. அதோடு வைத்துவிட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

மதினி மறுபடி அந்த ஸ்கூலுக்குப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அவன் அங்கே வந்துவிட்டான். வசுமதி அதற்குள் கிளம்பியிருந்தாள். எங்கே என்று அவர்களிடமும் சொல்லவில்லை. அவன் முதலில் நயமாகக் கேட்டிருக்கிறான், பிறகு ஒரு வண்டியின் கண்ணாடியை உடைத்திருக்கிறான். போலீஸை வரவழைத்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்களாம். நல்ல டீச்சர், பாதி வகுப்பில் போய்விட்டாரே என்று அந்தப் பெண் வருத்தப்பட்டாளாம்.

யார் சொல்லி அவன் வந்தான் என்று அவர்களுக்குத் தெரியாது. மதினியும் சொல்லவில்லை.

ஜூலை 3, வியாழன்

அவன் விடாமல் அடிக்கிறான். டச் போனில் ஒரு நம்பரை வரவிடாமல் தடுத்து வைக்கலாமாம். என் போனில் அதற்கு வழி தெரியவில்லை. சத்தத்தை அணைத்தாலும் மேஜைமேல் கிடந்து நடுங்குகிறது. எடுத்தால், நீதான் அவளை உஷார்ப்படுத்தினாய் என்பதும் கெட்ட வார்த்தைகளும்தான். முதலாளி பார்க்கிறார் என்று போனை மைதா மூட்டைக்குள் செருகி வைத்தேன்.

ராத்திரிச் சோறு போடும்போதும் அடித்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். மதினி என் மடியிலிருந்து எடுத்துக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"பேசிட்டியா? இப்ப நான் பேசுதேன் கேளு. இது எங்க வீட்டுப் பிள்ள. இனிமே இந்த நம்பருக்கு அடிச்சு வாயத் திறந்தேன்னா, நீ பேசுததப் பூரா பதிஞ்சு ஒங்க ஊர் ஸ்டேஷன்லயும் ஒன் கடை வாசல்லயும் போட்டுக் காட்டுவேன். நான் சும்மா சொல்லுத ஆளு இல்ல."

பதிவதெல்லாம் என் போனில் முடியாது. அவனுக்கு அது தெரியாது.

பிறகு அண்ணனிடம் எல்லாவற்றையும் மதினியே சொன்னாள். நான் மாடியில் அவனோடு பேசியதை மட்டும் விட்டுவிட்டாள்.

இந்த நோட்டில் மதினியைப் பற்றி முன்னால் எழுதியதை அடித்துவிடலாமா என்று புரட்டிப் பார்த்தேன். அடிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

மூன்று நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. ஆனாலும் சிம்மை மாற்றிவிடு என்று அண்ணன் சொல்கிறான். நாளைக்குப் போகிறேன்.

ஜூலை 7, திங்கள்

போன் கடைக்குப் போனேன். புது சிம்முக்குக் கைரேகை வைக்கப்போகும் நேரம், இந்தப் பழைய நம்பர் என்னவாகும் என்று கேட்டேன். கொஞ்ச மாதம் சும்மா கிடக்கும், பிறகு வேறு யாருக்காவது போய்விடும் என்றார்.

அந்த வேறு யாராவது யாராக இருப்பாள்? மாடி அறையில் சிக்னல் பார்க்கிறவளாக இருக்கலாம். அவன் ஒருநாள் அந்த நம்பருக்கு அடித்து, மெதுவான குரலில் பேசத் தொடங்குவான். வசுமதி இனிமேல் எந்த ஊரில் அந்தப் பழைய சான்றிதழைக் கொடுப்பாளோ, அங்கிருந்தும் ஒரு போன் வரும். அதை அந்தப் புதியவள் எடுப்பாள்.

விரலை எடுத்துவிட்டேன். சிம் வேண்டாம், இதற்கே ரீசார்ஜ் போடுங்கள் என்றேன். அண்ணனிடம் மதினி பேசிக்கொள்வாள்.

ஜூலை 13, ஞாயிறு

பிளவுஸ் தைக்கிறவள் கூப்பிட்டாள். வசுமதி நன்றாக இருக்கிறாள், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது, அவளைத் தேடி இந்த நம்பருக்கு இனிமேல் அடிக்காதீர்கள் என்றேன். நீங்கள் யார் என்று கேட்டாள். நம்பர் இப்போது என்னுடையது, என் பெயர் ஆவுடை என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

சீசன் கூட்டம். பப்ஸ், பன், டீ என்று காலெல்லாம் வலி. சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து வயதான குரல் ஒன்று. வசு கற்றுக்கொடுத்த அந்த ஐம்பது வயதுக்காரி இவள்தான் போலிருக்கிறது. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறாளாம். வசுவின் பிறந்தநாள் இன்றைக்காம். மைதானத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பக்கத்தில் நின்றார்கள். ஒருத்தி மாற்றி ஒருத்தி போனை வாங்கி வாழ்த்துச் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான் வசு இல்லை என்றது மட்டும்தான், அவள் எங்கே என்று தெரியாது என்று சொல்ல எனக்கு இடமே கொடுக்கவில்லை.

என் பிறந்தநாள் போன மாசி மாதம் வந்துபோயிற்று.

கொடுத்து வைத்தவள் என்று பழக்கதோஷத்தில் நினைத்துவிட்டேன். வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். பிறகுதான் தோன்றியது, இவ்வளவு வாழ்த்தில் ஒன்றுகூட அவள் காதுக்குப் போகாது. இன்றைக்கு எந்த ஊரில், யார் வீட்டு அடுப்பில் சோறு பொங்குகிறாளோ. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவளுடைய அடுப்பிலேயே பொங்கியிருப்பாள்.

கடைசியாகப் பேசியவள், வசு அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். சரி என்றேன்.